பேராசை ஆளுக்கு ஆள் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

எல்லாரிடமும் இருப்பது ஒரே பேராசைதான் என்றால், அது ஏன் ஒருவரிடம் கஞ்சத்தனமாகவும் இன்னொருவரிடம் ஆடம்பரமாகவும் வேறொருவரிடம் லஞ்சமாகவும் வெளிப்படுகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் கேள்வி.

ஆசையின் அளவை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அந்த ஆளின் கை எதுவரை எட்டுகிறது, எடுத்த பிறகு தன் மனசாட்சிக்கு அவர் என்ன சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டுவது ஒன்று, கையெழுத்துப் போடும் அதிகாரத்தில் இருப்பவருக்கு எட்டுவது வேறொன்று. பெற்றோரின் பத்திரங்கள் இருக்கும் பீரோவின் சாவியை வைத்திருக்கும் பிள்ளைக்கு இன்னொன்று. சொல்லிக்கொள்ளும் சமாதானமும் அதற்கேற்ப மாறும்.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியலாளர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களோடு பேசி, 1953இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவர் கண்டவை மூன்று: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, யாருக்கும் தெரியாமல் எடுக்கும் வாய்ப்பு, தன் செயலுக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் நியாயம். அவர்களில் பலர் தாங்கள் திருடியதாகவே நினைக்கவில்லை. கைமாற்றாக எடுத்திருக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன் என்றே நினைத்தார்கள். தணிக்கை செய்பவர்கள் இன்றும் இந்த மூன்றையும்தான் தேடுகிறார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் ஆணிவேர். நெருக்கடி இல்லாமலே எடுப்பவர்கள் உண்டு. வாய்ப்பு இருந்தும் தொடாதவர்களும் உண்டு. ஆனால் சமாதானம் எதுவும் கையில் இல்லாமல் எடுப்பவரைக் காண்பது அரிது.

வாய்ப்பின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றினாலே மனிதர் மாறுவதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்கு அதில் விரும்பியதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்று சொல்வது பொருளாதார ஆய்வில் பழைய விளையாட்டு. பெரும்பாலோர் ஏதாவது கொடுப்பார்கள். ஜான் லிஸ்ட் என்பவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்: கொடுக்கலாம், அல்லது மற்றவரின் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். கொடுத்தவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. எடுக்கும் வாய்ப்பு வந்ததும், எதையும் கொடுக்காமல் இருப்பதே பெருந்தன்மை போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

முதலில் பேராசை அல்லாததைப் பிரித்து வைக்க வேண்டும். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பற்றாக்குறையில் வளர்ந்தவர் எதையும் தூக்கி எறியாமல் சேர்ப்பார், பாத்திரம் நிறைய இருந்தாலும் இன்னும் வாங்கி வைப்பார். பார்ப்பவருக்கு அது பேராசையாகத் தெரியும். அது பயம். இரண்டையும் பிரிக்க நம்பகமான சோதனை ஒன்று உண்டு: வரத்து நிச்சயம் என்று தெரிந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். பயத்தில் சேர்ப்பவர், அடுத்த மாதமும் கிடைக்கும் என்பது சில முறை உறுதியானதும் மெல்லக் கையைத் தளர்த்துவார். பேராசையில் சேர்ப்பவருக்கு வரத்து கூடக்கூட வேகம்தான் கூடும். 2020இல் பெருந்தொற்று தொடங்கியபோது பல நாடுகளில் கடை அலமாரிகள் காலியாயின. வீட்டில் அடுக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் பயந்தவர்கள், சரக்கு திரும்ப வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதே வாரங்களில் கிருமிநாசினியை மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு இணையத்தில் விற்றவர்கள் வேறு ரகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பதுக்கல்தான்.

முன்னேறும் ஆசையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரட்டிப்பு வருமானம் வேண்டும் என்று இரட்டிப்பு வேலை செய்பவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் லாபத்துக்கான செலவை யார் தலையில் வைக்கிறார் என்பதுதான் கோடு. தன் உழைப்பில், தன் தூக்கத்தில், தன் பணத்தில் வைத்தால் அது லட்சியம். கேட்காமல் அடுத்தவர் தலையில் வைத்தால் பேராசை.

பேராசைக்காரர் என்றதும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கருமிதான் நினைவுக்கு வருகிறார். அந்தப் படம் பாதிதான் சரி. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேராசையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 2015இல் வெளியிட்டார்கள். எவ்வளவு இருந்தாலும் போதவில்லை என்ற உணர்வுதான் அதன் மையம். அதை வைத்து வளரிளம் பருவத்தினரிடம் பார்த்தபோது, பேராசை மிகுந்தவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள், ஆனால் அதிகம் செலவழித்தார்கள், குறைவாகச் சேமித்தார்கள். அதாவது, புதுப் பொருள் புதுப் பொருளாக வாங்கித் தள்ளிக் கடனில் நிற்பவரும் இதே வகைதான். திருக்குறளும் பேராசையை ஒன்றாகப் பார்க்காமல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது: பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதை அறத்துப்பாலில் 18ஆம் அதிகாரமான வெஃகாமையிலும், தானும் அனுபவிக்காமல் பிறருக்கும் கொடுக்காமல் குவிப்பதைப் பொருட்பாலில் 101ஆம் அதிகாரமான நன்றியில் செல்வத்திலும். பறிக்கும் கையும் பொத்தி வைக்கும் கையும் ஒரே நோயின் இரண்டு முனைகள் என்றாலும், மருந்து வேறு.

இனி இடம் இடமாகப் பார்க்கலாம்.

வியாபாரத்தில் பேராசை பெரும்பாலும் விலையில் தெரியாது, அளவில் தெரியும். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் உடனே கவனிப்பார், எடையைக் குறைத்தால் கவனிக்க மாட்டார். 95க்கு வாங்கிய ஒரு கிலோவை 100க்கு விற்பவருக்கு லாபம் 5. அவர் கிலோவுக்கு 20 கிராம் மட்டும் குறைத்து எடை போட்டால், கொடுத்த சரக்கின் அடக்கவிலை 93.10, லாபம் 6.90. வாங்குபவருக்கு இழப்பு வெறும் 2 சதவீதம், விற்பவருக்கு லாபம் 38 சதவீதம் கூடுகிறது. லாப விகிதம் குறைவான தொழில்களில் எடை அடிப்பது ஒழியாமல் இருப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். 'இருபது கிராமில் யார் ஏழையாகப் போகிறார்கள்' என்பது அங்கே சமாதானம். பெரிய நிறுவனங்கள் இதையே சட்டப்படி செய்கின்றன: பொட்டலத்தின் உருவமும் விலையும் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறையும். பொட்டலத்தின் விலையை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்கிட்டு ஒப்பிடுவதுதான் இதைப் பிடிக்கும் வழி.

மாதச் சம்பளக்காரரின் பேராசை வேறு. 'எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அதனால் நானே எடுத்துக்கொள்கிறேன்' என்பது அதன் குரல். போகாத பயணத்துக்குப் படி, செய்யாத கூடுதல் நேரத்துக்குக் கூலி, அலுவலகப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது. இதை நான் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டேன், ஆனால் கொள்முதல் மேசையில் நடப்பதோடு ஒப்பிட்டால் இது கொசுறு.

கொள்முதலில் பார்க்க வேண்டிய தடயங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும். 50,000க்கு மேல் போனால் மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்று விதி இருந்தால், 49,500, 48,900 என்று ஒரே வாரத்தில் ஒரே கடைக்கு மூன்று பில் வந்திருக்கும். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கியிருப்பார்கள், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்த பில்களின் எண்கள் 201, 202, 203 என்று தொடர்ச்சியாக இருக்கும். அந்தக் கடைக்கு இவர்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அதற்குப் பொருள். இன்னொரு தடயம் பலருக்கு வியப்பாக இருக்கும்: விடுப்பே எடுக்காத ஊழியர். அவர் உழைப்பாளியாகவும் இருக்கலாம், தன் நாற்காலியில் வேறொருவர் ஒரு நாள் உட்கார்ந்தாலும் குட்டு உடைந்துவிடும் என்ற நிலையில் இருப்பவராகவும் இருக்கலாம். வங்கிகள் பலவற்றில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களைத் தொடர்ந்து இரண்டு வாரம் கட்டாய விடுப்பில் அனுப்பும் வழக்கம் இதற்காகத்தான். அந்த இரண்டு வாரமும் அவருடைய வேலையை வேறொருவர் முழுமையாகச் செய்ய வேண்டும். கோப்புகள் அவருக்காக மேசையில் காத்திருந்தால் பயனில்லை.

அதிகாரத்தில் இருப்பவரின் சமாதானம் இன்னும் நயமானது: 'விதியில் இடமிருக்கிறது.' பிரிட்டனில் 2009ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் நாளிதழில் வெளியானபோது நாடே கொதித்தது. இரண்டு வீடுகளில் எதை 'இரண்டாவது வீடு' என்று காட்டினால் அதிகப் படி கிடைக்குமோ அதற்கேற்ப முகவரியை மாற்றி மாற்றிக் காட்டியிருந்தார்கள். குளத்தில் மிதக்கும் வாத்துக்கூண்டுக்கு 1,645 பவுண்டு கேட்டிருந்தார் ஒருவர், அலுவலகம் அதைக் கொடுக்க மறுத்திருந்தது. பொய்க்கணக்கு எழுதிய சிலர் சிறைக்கும் போனார்கள். ஆனால் அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டியவர்கள் சட்டத்தை மீறாதவர்கள். விதிகளுக்கு உட்பட்டுத்தான் கேட்டேன் என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. விதியை எழுதும் சபையில் உட்கார்ந்திருப்பவர் அதை மீற வேண்டிய தேவையே இல்லை. இந்த வகையைச் சட்டப்புத்தகத்தால் பிடிக்க முடியாது, வெளிப்படைத்தன்மையால்தான் முடியும். ஒவ்வொரு செலவும் மறுநாளே பொதுவில் தெரியும் என்று தெரிந்தால் வாத்துக்கூண்டுக்கு யாரும் பில் போடுவதில்லை.

குடும்பத்துக்குள் வரும்போது பேராசையை அடையாளம் காண்பது மிகவும் கடினமாகிவிடுகிறது, ஏனென்றால் அங்கே அது அன்பின் உடுப்பை அணிந்துகொள்கிறது. தனக்கென்று ஒரு துரும்பும் எடுக்காதவர், பிள்ளைகளுக்காக என்றதும் கூச்சமே இல்லாமல் கை நீட்டுவார். 'எனக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது, எல்லாம் அதுகளுக்குத்தான்' என்ற வாக்கியம் எத்தனை அபகரிப்புகளுக்குத் திரை போட்டிருக்கிறது! யாருக்காக எடுத்தார் என்பதை விட்டுவிட்டு, யாரிடமிருந்து எடுத்தார் என்று மட்டும் பார்த்தால் திரை விலகும்.

சொத்துப் பிரிப்பில் சண்டை வருவது எல்லாரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஒவ்வொருவரும் வேறு வேறு அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர் உழைப்பைக் கணக்கிடுகிறார். தொலைவில் இருப்பவர் சமபங்கைக் கணக்கிடுகிறார். வசதி குறைந்தவர் தேவையைக் கணக்கிடுகிறார். மூன்றும் நியாயமான அளவுகோல்கள்தான். தனக்கு லாபமான அளவுகோலைத்தான் ஒவ்வொருவரும் 'பொது நியாயம்' என்கிறார்கள் என்பதில் பேராசை நுழைகிறது. உங்கள் உடன்பிறந்தவர் எந்த அளவுகோலைச் சொல்கிறார் என்பதைக் கேட்பதோடு, தனக்கு நஷ்டம் வரும் இன்னொரு பொருளுக்கும் அதே அளவுகோலைச் சொல்கிறாரா என்று பாருங்கள். வீட்டுக்கு ஒன்று, நகைக்கு வேறொன்று என்றால் அது அளவுகோல் அல்ல.

நடைமுறையில் முதலில் மறைவது நிலமும் வீடும் அல்ல. பத்திரம் இல்லாத பொருள்கள்: நகை, ரொக்கம், பாத்திரம். ஆகவே துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைவதற்குள்ளேயே, எல்லாருடைய முன்னிலையிலும் பட்டியல் எழுதிப் படம் எடுத்து ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் இது கல்நெஞ்சாகத் தெரியும், ஆறு மாதம் கழித்து அதுதான் உறவைக் காப்பாற்றும். பங்குதாரர் இருவர் என்றால், ஒருவர் இரண்டு பங்காகப் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். பிரிப்பவரின் பேராசையே அவரை நியாயமாகப் பிரிக்க வைக்கும்.

மூவருக்கு ஒரே வீடு, பிரிக்க முடியாது என்றால் போலந்துக் கணிதவியலாளர் ப்ரோனிஸ்லாவ் க்னாஸ்டர் 1940களில் வகுத்த முறை ஒன்று உண்டு. மூவரும் தங்கள் பார்வையில் வீட்டின் மதிப்பை எழுதி மூடிய உறையில் கொடுக்க வேண்டும். 90, 75, 60 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரவர் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு 30, 25, 20. அதிகம் எழுதியவருக்கு வீடு. தன் பங்கான 30 போக 60ஐ அவர் பொதுவில் வைக்கிறார். மற்ற இருவரும் அதிலிருந்து 25, 20 எடுக்கிறார்கள். மிச்சம் 15, மூவருக்கும் தலா 5. முடிவில் வீட்டை எடுத்தவர் கொடுப்பது 55. மற்றவர்களுக்குக் கிடைப்பது 30, 25. மூவரும் தாங்கள் நியாயம் என்று நினைத்த பங்கைவிட 5 அதிகமாகப் பெற்றுவிட்டார்கள். இது உடையும் இடங்கள் இரண்டு: வீட்டை எடுப்பவரிடம் ரொக்கம் இல்லாமல் போவது, உறையைத் திறக்கும் முன்பே யாராவது ஒருவருக்கு மற்றவரின் தொகை தெரிந்துவிடுவது. முதலாவதற்குத் தவணைக் காலத்தை முன்பே எழுதி வையுங்கள். இரண்டாவதற்கு, உறைகளைக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுங்கள்.

முதலீட்டாளரின் பேராசையில் பொதுவாகச் சொல்லப்படும் பாடம் ஒன்றுதான்: அதிக வட்டிக்கு ஆசைப்படாதே. அது பாதிப் பாடம். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். சர்வதேச அஞ்சல் பதில் கூப்பன்களை (வேறு நாட்டில் பதில் கடிதத்துக்கான அஞ்சல்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டுகளை) ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதாகக் கதை. அவர் வாங்கிய பணத்துக்கு ஏறத்தாழ 16 கோடி கூப்பன்கள் இருந்திருக்க வேண்டும், புழக்கத்தில் இருந்தவையோ ஏறத்தாழ 27,000. உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் போதும்: 45 நாளுக்கு 50 சதவீதம் என்றால் ஓர் ஆண்டில் எட்டுச் சுற்று, 100 என்பது 2,500ஐத் தாண்டும். இதே கணக்கை இன்றைய அழைப்புகளுக்கும் போடலாம். தினம் 1 சதவீதம் என்பது கேட்க அடக்கமாக இருக்கிறது, கூட்டு வட்டியில் ஓர் ஆண்டில் அது 37 மடங்குக்கு மேல்.

ஆனால் அமெரிக்காவில் பெரும் முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம், நிதானமாக, சந்தை ஏறினாலும் இறங்கினாலும். 2008 டிசம்பரில் அவர் கைதானபோது வாடிக்கையாளர்களின் கணக்குத் தாள்களில் இருந்த தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர், அதில் பெரும்பகுதி தாளில் மட்டுமே இருந்தது. ஏமாந்தவர்களில் நிதித்துறை தெரிந்தவர்களும் அறக்கட்டளைகளும் உண்டு. தாங்கள் பேராசைக்காரர்கள் அல்ல, நிதானமானவர்கள் என்று நம்பியவர்கள் அவர்கள். அவர்களுடைய ஆசை வேறு இடத்தில் இருந்தது: நஷ்டமே வராத லாபம். ஏற்ற இறக்கம் உள்ள சந்தையில் ஏற்றத்தை மட்டும் எனக்குக் கொடு என்பது, 50 சதவீதம் கொடு என்பதற்குக் கொஞ்சமும் குறைந்த ஆசை அல்ல. போன்சியின் வலையைச் சதவீதம் காட்டிக்கொடுக்கும், மேடாஃபின் வலையை ஏற்ற இறக்கமே இல்லாத நேர்கோடு காட்டிக்கொடுக்கும். அவருடைய கணக்கைத் தணிக்கை செய்தது ஒரு மிகச் சிறிய நிறுவனம் என்பதையும் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது வகையில் ஏமாற்றுக்காரரே தேவையில்லை, பக்கத்தில் ஒருவர் பணக்காரர் ஆனால் போதும். 1720இல் லண்டனில் தென்கடல் நிறுவனத்தின் பங்கு, ஜனவரியில் ஏறத்தாழ 128 பவுண்டாக இருந்தது, கோடையில் 1,000ஐத் தொட்டது, ஆண்டு முடிவதற்குள் 200க்குக் கீழே விழுந்தது. ஐசக் நியூட்டன் ஆரம்பத்திலேயே விற்று நல்ல லாபத்தோடு வெளியே வந்தவர். விற்ற பிறகும் விலை ஏறிக்கொண்டே போனது, மற்றவர்கள் சம்பாதித்துக்கொண்டே இருந்தார்கள். மிக உயர்ந்த விலையில் அவர் திரும்ப உள்ளே போனார். அவர் இழந்தது ஏறத்தாழ 20,000 பவுண்டு என்று சொல்வார்கள். கணக்குத் தெரியாமல் விழுந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

இந்த ஒப்பீடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு சோல்னிக், ஹெமன்வே என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு சான்று. உங்கள் வருமானம் 50,000, மற்றவர்களுக்கு 25,000 என்ற உலகமா, உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000 என்ற உலகமா என்று கேட்டார்கள். பொருள்களின் விலை இரண்டிலும் ஒன்றுதான். ஏறத்தாழப் பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுமுறை நாட்களைப் பற்றிக் கேட்டபோது இந்தப் போட்டி பெரிதும் குறைந்துவிட்டது. பார்வைக்குத் தெரியும் பொருளில்தான் பேராசை மற்றவரைத் திரும்பிப் பார்க்கிறது. ஓய்வும் தூக்கமும் அதன் கண்ணில் படுவதில்லை.

நிறுவனங்களில் இன்னொரு விசித்திரம்: தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பேராசைக்காரராக இருக்க மாட்டார், மொத்தமாகப் பார்த்தால் கொள்ளை நடந்திருக்கும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். கிளை ஊழியர்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016இல் வெளிவந்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ 20 லட்சம், அடுத்த ஆண்டு மறுபடி எண்ணியதில் 35 லட்சம். வேலையை இழந்தவர்கள் ஏறத்தாழ 5,300 பேர். கீழே இருந்தவருக்குப் பயம், நடுவில் இருந்தவருக்கு இலக்கு, மேலே இருந்தவருக்குப் பங்கு விலை. ஆசை எங்கே இருந்தது என்று தேடினால் ஓர் எண்ணில் இருந்தது. இலக்கு வைப்பவர்கள் அதோடு இன்னோர் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: தொடங்கிய கணக்குகளில் மூன்று மாதம் கழித்தும் வாடிக்கையாளர் பயன்படுத்துபவை எத்தனை? இது குறையும்போதே எச்சரிக்கை மணி அடித்திருக்கும். இதற்கு நேர்மாறாக, ஒரே ஆளின் முடிவாக வெட்ட வெளிச்சத்தில் நடந்ததும் உண்டு. 2015இல் டாராப்ரிம் என்ற பழைய மருந்தின் உரிமையை வாங்கிய நிறுவனம், மாத்திரை ஒன்றின் விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலராக உயர்த்தியது. அதற்குச் சொன்ன சமாதானம், புதிய மருந்து ஆராய்ச்சி.

பணம் தொடாத பேராசையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. செய்யாத ஆய்வில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் பேராசிரியர், குழுவின் வேலையைத் தன் வேலையாகக் காட்டும் மேலாளர், தான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிட வேண்டும் என்று தொழில் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்காத மூத்தவர். கொடையாளிகளிலும் உண்டு. உதவி கிடைத்ததா என்பதைவிடப் பெயர்ப்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில் குறியாக இருப்பார். மற்றவர் நேரத்தின் மீதான பேராசை இன்னும் சாதாரணமாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு வேலைச் செய்தி அனுப்புபவர் ஒரு காசும் திருடவில்லை, ஆனால் செலவு அடுத்தவர் தலையில்தான்.

உங்களிடமே இதைச் சோதிக்க ஒரு வழி, 'போதும்' என்ற எண்ணை முன்கூட்டியே எழுதி வைப்பது. பங்கை எந்த விலையில் விற்பேன், எந்தத் தொகைக்கு மேல் கடன் வாங்க மாட்டேன், எத்தனை மணிக்கு மேல் வேலை செய்ய மாட்டேன். பொருள் கைக்கு வருவதற்கு முன்பே எழுத வேண்டும், வந்த பிறகு எழுதினால் கோடு தானாக நகர்ந்துவிடும். எழுதியதை இன்னொருவரிடம் காட்டி வையுங்கள். கோட்டை எட்டியதும் அதைத் தள்ளி வைக்க ஒரு நல்ல காரணம் மனதில் தோன்றினால், அந்தக் காரணத்தை அதே தாளில் எழுதுங்கள். இரண்டாம் முறை எழுதும்போதே அது எந்த ரகச் சமாதானம் என்று தெரிந்துவிடும்.

பொதுச் சொத்து என்றால் தனிமனிதக் கட்டுப்பாடு போதாது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 1968இல் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் மீன் பிடித்தார்கள். 1992 ஜூலையில் கனடா அரசு மீன்பிடிப்பையே தடை செய்ய வேண்டியதாயிற்று, ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரே அடியில் வேலை போனது. நான் விட்டுவைத்தாலும் அடுத்த படகு அள்ளிக்கொண்டு போகும் என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சரியாக இருந்தது. ஆனால் பல நாடுகளில் மேய்ச்சல் நிலத்தையும் பாசன நீரையும் நூற்றாண்டுகளாகக் கெடாமல் பங்கிட்டுவரும் மக்களும் இருக்கிறார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டவற்றில் குடியிருப்புச் சங்க நிதிக்கும் கூட்டுறவுக் கிடங்குக்கும்கூடப் பொருந்துபவை: யார் உறுப்பினர், யாருக்கு எவ்வளவு என்ற எல்லை தெளிவாக இருப்பது. கண்காணிப்பவர் பயன்படுத்துபவர்களில் ஒருவராகவோ, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகவோ இருப்பது. தண்டனை படிப்படியாகக் கூடுவது. இந்தக் கடைசியில்தான் பெரும்பாலான சங்கங்கள் சறுக்குகின்றன. முதல் மீறலுக்கே உறுப்பினரை நீக்குவோம் என்று விதி எழுதுவார்கள். அது அவ்வளவு கடுமையாக இருப்பதால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், சின்ன மீறல்கள் கண்டுகொள்ளப்படாமல் பெருகும். முதல் முறை எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறு அபராதம், இரண்டாம் முறை அதன் சில மடங்கு, அதற்கு மேலும் தொடர்ந்தால் நீக்கம் என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவும் மனம் வரும், சொன்ன பிறகு அவர் முகத்தில் விழிக்கவும் முடியும்.